செவ்வாய்க்கிழமைக் கைவேலை

டாரபூல்
12 அக்டோபர் 1982

அன்புள்ள லோர்னா,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மெல்போர்னில் இன்னும் குளிர் விடவில்லை என்று வானொலியில் சொன்னார்கள். இங்கே குளிரும் இல்லை, மழையும் இல்லை. கோதுமை கணுக்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. அதைப்பற்றி மேலும் எழுத எனக்குத் தெம்பில்லை.

உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டும். இங்கே பள்ளிக்கூடத்தில் மொத்தம் பதினான்கு பிள்ளைகள், பாஸ்கோ என்று ஒரே வாத்தியார். டிசம்பரில் ஆண்டு விழா. அதற்குப் புது உடுப்பு எடுப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். இந்த வருடம் எந்த வீட்டிலும் அந்தப் பேச்சே எழவில்லை. போன வாரம் பாஸ்கோ என்னைக் கடை வாசலில் பிடித்துக்கொண்டார்.

"மேவிஸ், செவ்வாய்க்கிழமை காலையில ஒரு மணி நேரம் வாங்களேன். சட்டை பழசாவே இருந்துட்டுப் போகட்டும். தலையிலயோ கழுத்துலயோ இடுப்புலயோ ஏதாச்சும் ஒண்ணு புதுசா அவங்களே செஞ்சு போட்டுக்கட்டும்."

இன்று முதல் வகுப்பு. வைக்கோல் கட்டும் கயிற்றை மூன்று புரியாகப் பின்னி இடுப்புவார் செய்யச் சொல்லிக்கொடுத்தேன். பையன்கள் உர்ரென்று உட்கார்ந்திருந்தார்கள். அதில் கத்தி உறை மாட்டலாம் என்று சொன்னதும் என்னைவிட வேகமாகப் பின்னினார்கள். நரெல் என்று ஒன்பது வயதுக்காரி ஒருத்தி. "மிசஸ் லிண்ட்னர், இதைப் போட்டா என் இடுப்பு வைக்கோல் கட்டு மாதிரி இருக்காதா?" என்றாள். இருக்கும்தான். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். உன் தையல் தொழிற்சாலையில் வெட்டிப் போடும் துண்டுத் துணி, ரிப்பன் நுனி, உடைந்த பட்டன், எதுவானாலும் அனுப்பு.

குவாண்டாங் பழக்கொட்டைகளையும் சேர்த்து வைத்திருக்கிறோம். காயவைத்து எண்ணெய் தடவினால் நல்ல மணிகள். ஓட்டை போடுவதுதான் பாடு. நெவில் தன் பட்டறையில் உட்கார்ந்து அறுபது கொட்டைகளுக்குத் துளை போட்டுக் கொடுத்தார். விரலிலும் ஒரு துளை.

அன்புடன்,
அக்கா மேவிஸ்


பிரன்ஸ்விக், மெல்போர்ன்
27 அக்டோபர் 1982

என் அன்பான அக்கா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான். மழை வரப்போகிறதென்றால் முன்னாடியே வலிக்கும். இப்போது வலிக்கவே இல்லை, அதுதான் கவலை.

இத்துடன் ஒரு மூட்டை வருகிறது. வெட்டு மேசைக்கு அடியில் நான் குனிந்து பொறுக்குவதைப் பார்த்து மேற்பார்வைக்காரி கேட்டாள், "என்ன லோர்னா, கோழி வளக்குறியா?" பதினான்கு வளர்க்கிறேன் என்றேன். மறுநாள் அவளே ஒரு பை கொண்டுவந்து வைத்தாள். வெல்வெட் துண்டுகள் அவள் கொடுத்தவை. துண்டுகளை நீளவாக்கில் கிழித்து, மூன்றைச் சேர்த்துப் பின்னி, இரண்டு நுனியையும் ரப்பர் நாடாவில் தைத்தால் தலைப்பட்டை ஆகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளைகூடச் செய்யும்.

நெவில் அத்தானுக்கு என் அன்பு. அறுபது துளை போட்டாரா? சின்னப் பிள்ளைகளுக்காக மனிதர் இவ்வளவு நேரம் உட்காருவார் என்று நினைக்கவேயில்லை. விரலுக்கு மருந்து போடச் சொல்.

உன்,
லோர்னா


டாரபூல்
16 நவம்பர் 1982

அன்புள்ள லோர்னா,

நலம். நலமறிய ஆவல். மூட்டை வந்து இரண்டு வாரம் ஆகிறது, பதில் எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். பகலெல்லாம் புழுதி பெருக்குகிறேன். பெருக்கி முடித்துத் திரும்பினால் பெருக்கின இடத்தில் என் காலடி பதிகிறது.

வெல்வெட்டைப் பார்த்ததும் பிள்ளைகள் சண்டை போட்டார்கள். யாருக்கு எந்த நிறம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டோம். பாட்டில் மூடிகளைத் தட்டிச் சப்பையாக்கி, உன் துண்டுத் துணியை ஒட்டி, பின்னால் ஊக்கு வைத்தால் சட்டையில் குத்திக்கொள்ளலாம். வேலியோரம் கலாக் கிளிகள் செத்து விழுகின்றன. ரோஜா நிற இறகுகளைக் கழுவி, தலைமுடிக் கிளிப்பில் நூலால் சுற்றிக் கட்டினோம். நரெல் அதை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "நான் பாக்க நல்லா இருக்கேன், கிளிதான் பாவம்" என்றாள்.

அடுத்த நூறு கொட்டைகளுக்குப் பாஸ்கோ துளை போட்டுக் கொடுத்தார்.

ஆடுகளை அனுப்பிவிட்டோம். தீவனம் இல்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. நெவில் சுகம்.

அன்புடன்,
மேவிஸ்


பிரன்ஸ்விக்
6 டிசம்பர் 1982

அக்கா,

நீங்கள் இருவரும் சுகமா? நான் சுகம்.

ஆடுகளை எங்கே அனுப்பினீர்கள்? இந்த வருடம் சந்தையில் ஆட்டை வாங்க ஆளே இல்லை என்று பேப்பரில் போட்டிருந்தான். இரண்டு முறை தபாலட்டையில் கேட்டேன். நீ தலைப்பட்டையைப் பற்றி ஒரு பதில் எழுதினாய்.

கிறிஸ்துமஸுக்கு இங்கே வாருங்கள். சோபாவை விரித்தால் கட்டில். நெவிலைக் கடற்கரைக்குக் கூட்டிப்போகலாம். மனுஷன் கொஞ்சம் தண்ணீரைப் பார்க்கட்டும்.

பிள்ளைகளுக்கு ரப்பர் நாடா ஒரு உருளையும், சட்டைக் கையில் வைத்துத் தைக்கும் மணிகள் ஒரு டப்பாவும் அனுப்பியிருக்கிறேன்.

லோர்னா


டாரபூல்
4 ஜனவரி 1983

அன்புள்ள லோர்னா,

புத்தாண்டு உனக்கு நல்லபடியாக அமையட்டும். கிறிஸ்துமஸுக்கு வரமுடியவில்லை. நெவிலுக்குப் பயணம் ஒத்துக்கொள்ளாது போலிருந்தது.

ஆண்டு விழா நன்றாக நடந்தது. பதினான்கு பேரும் தாங்கள் செய்ததைப் போட்டுக்கொண்டு மேடையில் நடந்தார்கள். தாய்மார்கள் அழுதார்கள். நான் அழவில்லை, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். பாஸ்கோ தோளைத் தொட்டு எழுப்பினார்.

பிப்ரவரியில் பள்ளிக்கூடம் திறந்ததும் மறுபடி போவேன். நெவிலும் இப்போது நான் போகும் இடமெல்லாம் என்கூடவே வருகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மேவிஸ்


டாரபூல் பள்ளிக்கூடம்
10 பிப்ரவரி 1983

அன்புள்ள மிஸ் லோர்னா,

நீங்கள் நலமா? நான் நலம். என் பெயர் நரெல். ரப்பர் நாடாவும் மணிகளும் அனுப்பியதற்கு எங்கள் பள்ளிக்கூடம் உங்களுக்கு நன்றி சொல்கிறது. இதுவரைக்கும் மிஸ்டர் பாஸ்கோ சொல்லி எழுதியது. இனிமேல் நானே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை நாங்கள் வளையல் செய்துகொண்டிருந்தோம். அப்போது பெரிய புழுதிப் புயல் வந்தது. பகலிலேயே ஒன்றும் தெரியாத இருட்டு. விளக்கும் போய்விட்டது. சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். நான் கொஞ்சம்தான் அழுதேன். மிஸ்டர் பாஸ்கோ ஈரத்துணியைக் கதவிடுக்கில் அடைத்தார். மிசஸ் லிண்ட்னர், "கை இருக்குல்ல, கண்ணு எதுக்கு? பின்னிக்கிட்டே இருங்க" என்று சொன்னார். ஆனால் அவர் ஜன்னல் பக்கமே நின்றார். வெளியே காரில் மிஸ்டர் லிண்ட்னர் இருந்தார். அவர் எப்போதும் வாசல் மரத்தடியில் காரில்தான் உட்கார்ந்திருப்பார். மிசஸ் லிண்ட்னர் ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டே எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். மிஸ்டர் லிண்ட்னர் பேசவே மாட்டார்.

அப்புறம் கதவு திறந்தது. மிஸ்டர் லிண்ட்னர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்துவிட்டார். முகமெல்லாம் மண். "எல்லாப் பிள்ளைங்களும் உள்ள இருக்கா?" என்று கேட்டார். இருக்கிறோம் என்று நாங்களே எண்ணிச் சொன்னோம். அவர் தரையில் உட்கார்ந்தார். "என் பின்னல் அவுருது, இந்த நுனியப் பிடிச்சுக்கோங்க" என்று அவரிடம் கொடுத்தேன். வெளிச்சம் வரும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு விஷயம். புயலுக்கு முன்னால் நான் பச்சைப் பட்டன் தேடி மிசஸ் லிண்ட்னரின் பட்டன் டப்பாவில் அடிவரை கையை விட்டேன். அடியில் இரும்பு ஒன்று இருந்தது. கதவுத் தாழ்ப்பாள் மாதிரி, ஒரு பக்கம் குமிழ் வைத்து, எண்ணெய் பிசுக்காக. இது எதற்கு என்று கேட்டேன். அவர் வெடுக்கென்று பிடுங்கிவிட்டார். என்னைத் திட்டவில்லை. ஆனால் டப்பாவை மூடித் தன் மடியில் வைத்துக்கொண்டார். அது உங்கள் தொழிற்சாலை மிஷினில் இருந்து வந்ததா? வேண்டுமென்றால் திருப்பி அனுப்பச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
நரெல்

பி.கு. கடிதத்தை மிஸ்டர் பாஸ்கோ படித்தால் அடிப்பகுதியை வெட்டிவிடுவார் என்று உறையை நானே ஒட்டிவிட்டேன்.


பிரன்ஸ்விக்
14 பிப்ரவரி 1983

அக்கா,

சுகமா என்று கேட்கப்போவதில்லை. கேட்டால் சுகம் என்று எழுதுவாய்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல் உங்கள் ஊர் மண் இங்கே வந்தது. மூன்று மணிக்குத் தெருவிளக்கு எரிந்தது. கொடியில் காயப்போட்டிருந்த படுக்கை விரிப்பை உதறினால் செம்மண். உன் நிலத்தில் ஒரு கை என் விரிப்பில் விழுந்திருக்கும் என்று நினைத்தபடி நின்றுகொண்டிருந்தேன்.

நரெல் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறாள். அவளைக் கோபிக்காதே. அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாம் இருவரும் ஒரே பண்ணையில் வளர்ந்தவர்கள். அப்பா துப்பாக்கியைத் துடைக்கும்போது அதை உருவி நம் கையில்தானே கொடுப்பார்? பட்டன் டப்பாவில் இருப்பது நெவிலின் துப்பாக்கி போல்ட். அது இல்லாமல் சுட முடியாது. அதை ஒளித்துவைத்து, போகும் இடமெல்லாம் தூக்கிக்கொண்டு, அவரையும் கண்ணுக்கெதிரே உட்காரவைத்துக்கொண்டு எத்தனை நாளாக இருக்கிறாய்?

தொலைபேசியில் கேட்கமாட்டேன். உங்கள் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவளுக்கு அதற்குத்தான் காது. 26ஆம் தேதி ரயிலில் வருகிறேன். லீவு சொல்லிவிட்டேன். இங்கே ஒரு டாக்டரிடமும் பேசிவிட்டேன். ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது. அதற்குள் நடந்ததை எழுது. நேரில் உட்காரவைத்துக் கேட்டால் நீ எழுந்து டீ போடப் போய்விடுவாய்.

லோர்னா


டாரபூல்
19 பிப்ரவரி 1983

லோர்னா,

நான் சுகமாக இல்லை. இதை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆடுகளை எங்கும் அனுப்பவில்லை. வாங்க ஆளில்லை, தின்னப் புல்லில்லை. ஊராட்சியில் இயந்திரம் கொண்டுவந்து பெரிய குழி தோண்டிக் கொடுத்தார்கள். நவம்பர் மூன்றாம் தேதி. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் உதவிக்கு வந்து நின்றார்கள். "என் ஆடு. நானே பாத்துக்கறேன்" என்று நெவில் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். தொள்ளாயிரம் ஆடுகள். இரண்டு நாள். துப்பாக்கிச் சத்தம் நிற்கும்போதெல்லாம் முடிந்துவிட்டதோ என்று சமையலறையில் நிற்பேன். மறுபடி தொடங்கும்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். ஒரு வாரம் கழித்து, பிற்பகலில், ஆளைக் காணோம். வற்றிப்போன குளத்துக்கு நடந்தேன். கரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் துப்பாக்கி. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, "டீ ஆறிடும்" என்றேன். எழுந்து வந்தார். அவர் குடித்துக்கொண்டிருக்கும்போது போல்ட்டை உருவிப் பட்டன் டப்பாவில் போட்டேன். அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. வீட்டில் விட்டுப்போகப் பயம். அதனால் டப்பாவும் அவரும் என்கூடவே வந்தார்கள். மூன்று மாதமாக நான் ஒரு பக்கமாகத்தான் படுக்கிறேன், அவர் எழுந்தால் தெரியவேண்டும் என்று.

புயல் அன்று என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. கார் கண்ணுக்கு மறைந்தது. பதினான்கு பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை, ஓடாமல் நிற்கவும் முடியவில்லை. 'போனால் போகட்டும், நான் உட்காரவேண்டும்' என்று ஒரு கணம் மனசில் வந்தது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்த நேரத்தில்தான் அவர் கதவைத் திறந்தார்.

அன்று வீட்டுக்கு வந்து முகம் கழுவிக்கொண்டே சொன்னார், "பட்டன் டப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துட்டுப் போகாத மேவிஸ். பிள்ளைங்க கை வைக்கிற இடம்."

"எப்போல இருந்து தெரியும்?" என்றேன்.

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே."

"அப்புறம் ஏன் எடுக்கல?"

"தெரியல. நீ துணி காயப்போடப் போவ. நான் டப்பாவைத் திறப்பேன். பட்டனை ஒதுக்கிட்டு அதைப் பாப்பேன். மூடி வச்சிடுவேன்." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். "இன்னும் எத்தனை நாளைக்கு மூடுவேன்னு தெரியல."

அப்படியானால் நான் காவல் காத்ததெல்லாம் எதற்கு? கோபம்கூட வரவில்லை. அவ்வளவு களைப்பு.

மறுநாள் துப்பாக்கியையும் போல்ட்டையும் போலீஸ் சார்ஜென்ட்டிடம் கொடுத்துவிட்டேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் இன்னும் நான்கு துப்பாக்கிகள் சாத்தியிருந்தன.

உன் டாக்டரைப் பற்றி நெவிலிடம் சொன்னேன். "லோர்னா வந்தா போறேன். நீ கூட்டிட்டுப் போகாத, நீ தூங்கு" என்றார்.

வா, லோர்னா. இந்த முறை ரிப்பன் ஒன்றும் வேண்டாம்.

மேவிஸ்


டாரபூல்
22 மார்ச் 1983

அன்புள்ள நெவில்,

உங்களுக்குச் சாப்பாடு பிடிக்கிறதா? மாத்திரையால் வாய் கசக்கிறது என்று லோர்னா எழுதியிருந்தாள். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் உங்களுக்கு நான் கடிதமே எழுதியதில்லை. எப்படி ஆரம்பிப்பதென்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு இரண்டு நாள் தூங்கினேன். எழுந்தபோது அவமானமாக இருந்தது. நீங்கள் இல்லாத வீட்டில் இவ்வளவு நன்றாகத் தூங்க எப்படி முடிந்தது? பிறகு மறுபடியும் தூங்கினேன். உங்களைப் பார்க்க இன்னும் வராததற்கு அதுதான் காரணம். வேறு எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பிள்ளைகள் சுகம். செவ்வாய்க்கிழமை தவறாமல் போகிறேன். இப்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காரப் பழகுகிறேன். பெரிய பையன்கள் கயிற்றில் கைக்கடிகார வார் பின்னுகிறார்கள். யாரிடமும் கைக்கடிகாரம் இல்லை. நரெல் உங்களைக் கேட்டாள். மெல்போர்ன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றேன். "எங்க வலிக்குது?" என்றாள். பாஸ்கோ பேச்சை மாற்றப் பார்த்தார். மனசில் என்றேன். "எங்க அப்பாவுக்கும்தான்" என்று சொல்லிவிட்டு மணி கோர்க்கப் போய்விட்டாள். சாயங்காலம் அவள் அம்மாவைப் பார்த்து, லோர்னா சொன்ன டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று மழை பெய்தது. தூறல் இல்லை, மழை. கூரைச் சத்தத்தில் வானொலி கேட்கவில்லை. சமையலறையில் இரண்டு இடத்தில் ஒழுகியது, வாளி வைத்தேன். வாசலில் நின்று நனைந்தேன். விதைப்பைப் பற்றி நான் இப்போது ஒன்றும் கேட்கப்போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேவிஸ்


மெல்போர்ன்
29 மார்ச் 1983

அன்புள்ள மேவிஸ்,

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மடித்துச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கை இன்னும் நடுங்குவதால் எழுத்து இப்படி. வாய்க் கசப்பு குறைந்திருக்கிறது. லோர்னா ஞாயிறுதோறும் வந்து எனக்காகவும் சேர்த்துப் பேசிவிட்டுப் போகிறாள்.

நீ தூங்கினாய் என்று படித்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. வேறு எதையும் நான் நினைக்கவில்லை. முடிந்தமட்டும் தூங்கு.

இங்கே தினமும் காலையில் கைவேலை வகுப்பு இருக்கிறது. என் வயதில் ஆறு பேர். முதல் நாள் ஒரு பெண் வந்து மணியும் நூலும் கொடுத்தாள். "எங்க வீட்ல இதை ஏழு வயசுப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாங்க" என்றேன். "அப்ப உங்களுக்குச் சுலபமா வந்துடும்" என்றாள். வரவில்லை. எதிரில் உட்கார்ந்திருக்கும் ரயில்வேக்காரர் வளையலே போட்டுவிட்டார். நான் ஊசிக்கண்ணோடு போராடுகிறேன். சிரிக்கலாம், பரவாயில்லை.

எப்போது விடுவார்கள் என்று சொல்லவில்லை. வீட்டுக்கு வர எனக்கும் இன்னும் தைரியம் இல்லை. அந்தக் குழிப்பக்கம் போகாமல் வீட்டுக்குப் போக வேறு பாதை உண்டா என்று படுத்துக்கொண்டு யோசிக்கிறேன். வடக்கு வேலியில் ஒரு கதவு வைத்தால் சுற்றிப்போகலாம். கதவு நானே செய்வேன்.

மழை பெய்தது என்று எழுதியிருக்கிறாய். கூரைச் சத்தம், ஒழுகல், வாளி, எல்லாம் எழுதியிருக்கிறாய். எவ்வளவு பெய்தது என்று எழுதவில்லை. தோட்டத்துக் கம்பத்தில் மழைமானி இருக்கிறதே, பார்த்தாயா? பார்த்திருந்தால் எத்தனை மில்லிமீட்டர் என்று உடனே எழுது. பார்க்காமல் விட்டிருந்தாலும் சரி. தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி மாட்டிவை. அடுத்த மழைக்குப் பார்க்கலாம்.

நெவில்